கடன்காரனுக்கு என்ன தாளம்?

அண்ணாவியார் மத்தளத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, துரியோதனனுக்குத் தாளம் இருக்கு. தருமருக்கு இருக்கு. கட்டியகாரனுக்கும் இருக்கு. மறுகா, இந்தக் கடன்காரனுக்கு என்ன தாளம் போடுற?"

என்னிடம் மறுமொழி இல்லை. கொப்பியை எழுதினவன் நான்தான். மொத்தம் 28 பக்கம். விருத்தம், தரு, கொச்சகம் எல்லாம் எண்ணிப் பார்த்து எழுதியிருந்தேன். ஆனால் அந்த இடத்தில் "கடன்காரன் வரவு" என்று ஒரு வரியைப் போட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன். கூத்தில் வரவு என்றால் சும்மா வந்து நிற்பது இல்லை. வருகிறவன் யார், என்ன குணம், எவ்வளவு பலம் என்பதையெல்லாம் அவன் வாயைத் திறக்கமுன்னமே கால் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் விட்ட கொப்பியை வைத்துக்கொண்டு நான் "எழுத்து முடிஞ்சுது" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

புதுக்கூத்து ஒன்று செய்தோம் என்று கேள்விப்பட்ட நண்பர்கள் சிலர், "எப்படிச் செய்தீங்கள், எவ்வளவு காலம் எடுத்தது, ஆர் எழுதினது?" என்று கேட்டார்கள். கடைசிக் கேள்விக்குத்தான் விடை நீளம். அதனால்தான் இந்தப் பதிவும் நீளம்.

நான் இருப்பது படுவான்கரையில். மட்டக்களப்புத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை: வாவி வடக்குத் தெற்காக 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிய நிலம், நகரமும் பெரிய பள்ளிக்கூடங்களும் அந்தப் பக்கம். சூரியன் படும் பக்கம் படுவான்கரை. வயல், குளம், மாடு, காடு. எங்கள் பேச்சில் வாவி என்ற சொல் வராது, அது "ஆறு"தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மின்சாரம் வந்து எத்தனையோ வருசத்துக்குப் பிறகுதான் இந்தப் பக்கம் வந்தது. யுத்தமும் இந்தப் பக்கம்தான் கூடுதல் காலம் இருந்தது. ஆனால் கூத்து என்று வந்தால் எழுவான்கரைக்காரர் தோணி ஏறி இங்கே வந்தார்கள். கன்னன்குடா என்று சொன்னால் கூத்துத் தெரிந்த எவருக்கும் மேலதிக விளக்கம் தேவையில்லை.

முதலில் நான் செய்த ஒரு பிழையைச் சொல்லிவிடுகிறேன். அது இல்லாமல் மிச்சக் கதை விளங்காது.

2004 டிசம்பர் 26 சுனாமியாகக் கடல் வந்து போனதுக்குப் பிறகு, 2005 முழுக்க எங்கள் மாவட்டத்தில் நாடகம் தெரிந்த ஒருவரும் சும்மா இருக்கவில்லை. விழிப்புணர்வு நாடகம் கேட்டு நிறுவனங்கள் வரிசையில் நின்றன. ஒரு நிறுவனம் என்னிடமும் வந்தது. மூன்று கிழமை, 20 நிமிசம், தலைப்பு கை கழுவுதல். பிரதியை அவர்களே ஆங்கிலத்தில் தந்தார்கள்; நான் தமிழாக்கி, நாலு பாட்டுப் போட்டு, பொடியன்கள் ஆறு பேரைச் சேர்த்து முகாம் முகாமாகக் கொண்டுபோனேன். மூன்றாவது முகாமில் நாடகம் முடிய ஒரு ஆச்சி எழும்பினார்.

"நல்லா ஆடுறியள் மனே. கையக் கழுவச் சொல்றியள், சரி. தண்ணி எங்க மறுகா?"

அந்த முகாமுக்குத் தண்ணீர் பவுசர் வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. சனம் சிரித்தது. பொடியன்களும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆச்சி கேட்ட கேள்வியை வைத்து அந்த நாடகத்தை அந்த இடத்திலேயே திருப்பி எழுதியிருக்கலாம். இன்னும் நல்ல நாடகமாக வந்திருக்கும். ஆனால் பிரதி ஏற்கெனவே "அங்கீகரிக்கப்பட்டது". மாற்றினால் அறிக்கையோடு பொருந்தாது. இன்னும் ஒன்பது இடத்தில் அதே நாடகத்தைப் போட்டுக் காசை வாங்கினோம். அந்தக் காசு எனக்குத் தேவைப்பட்டது, மறைக்கவில்லை. ஆனால் ஆச்சியின் கேள்வி போகவில்லை.

பார்க்கிறவர் எழும்பிக் கேள்வி கேட்டால் நாடகம் கெட்டுப்போகும் என்று நாங்கள் எங்கே படித்தோம்? ஊரில் அப்படி இல்லையே. ஊரில் கூத்துப் பழகுகிற முறையை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

முதலில் சட்டம் கொடுத்தல். ஆருக்கு எந்தப் பாத்திரம் என்று முடிவாகி, அவரவர் பாட்டும் வசனமும் கையில் வருகிற நாள். கூத்தைப் பழக்குகிற அண்ணாவியார் குரலைப் பார்ப்பார், உயரத்தைப் பார்ப்பார். பழைய காலத்தில் குடியையும் பார்த்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். பிறகு இரவிரவாகப் பழக்கம். வயல் வேலை முடித்து, சாப்பிட்டு, ஒரு வளவில் கூடுவார்கள். கால் சரியாக விழத் தொடங்கியதும் சதங்கை அணிதல். அதற்குப் பிறகு கிழமைக் கூத்து. கிழமைக்கு ஒருக்கா தொடக்கத்தில் இருந்து ஆடிப் பார்ப்பது. பிறகு அடுக்குப் பார்த்தல், முழுக் கூத்தையும் ஒரே ஓட்டத்தில். பிறகுதான் உடுப்புக் கட்டி, வட்டக்களரியில் விடிய விடிய அரங்கேற்றம். அது முடிந்தும் விடமாட்டார்கள், வீட்டுக்கு வீடு ஆடுவார்கள்.

மாதக்கணக்கில் நடக்கிற இந்த வேலை எங்கே நடக்கிறது? மூடிய அறைக்குள் இல்லை. வேலி ஓரத்தில் கிழவர்கள் இருப்பார்கள். வெற்றிலை போட்டுக்கொண்டு, "அந்தக் காலத்தில இந்த இடத்தில தாளம் இரட்டிக்கும்" என்பார்கள். பொம்பிளைகள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பார்கள். பிடிக்காவிட்டால் எழும்பிப் போவார்கள். எந்த இடத்தில் எழும்பிப் போகிறார்கள் என்று அண்ணாவியார் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார். அரங்கேற்ற இரவு வரும்போது ஊர் அந்தக் கூத்தை இருபது தரம் பார்த்து, இருபது தரம் திருத்தியிருக்கும். வெளிநாடுகளில் புதிய நாடகத்தை முதலில் வாசித்துக் காட்டி, பிறகு செயலமர்வு வைத்து, பார்வையாளரின் அபிப்பிராயம் கேட்டு வளர்க்கிறார்கள் என்று படிக்கிறபோது எனக்கு வருகிற நினைப்பு ஒன்றுதான்: எங்கள் கிழமைக் கூத்து இதைத்தானே செய்தது?

ஒரு வித்தியாசம் உண்டு. ஊர் திருத்தியது ஆட்டத்தையும் பாட்டையும்தான். கதையை இல்லை. எங்கள் கூத்து வடமோடி, தென்மோடி என்று இரண்டு வகை. வடமோடியில் பெரும்பாலும் பாரதப் போர், இராமாயணப் போர். தென்மோடியில் காதலும் கற்பனையும். கொப்பியில் அரசன் அரசன்தான், சேவகன் சேவகன்தான், பெண் அழுகிறவள்தான், அதையும் ஆடியது ஆண்தான். இந்த இடத்தில் கைவைக்கலாமா என்ற கேள்வி புதிதும் இல்லை. எனக்கு முன்னம் மூன்று தலைமுறை அதோடு மல்லுக்கட்டியிருக்கிறது.

1956இல் பேராதனைப் பல்கலைக்கழகத்துச் சரச்சந்திராவின் "மனமே" சிங்கள நாடகத்தையே புரட்டிப் போட்டது. நாட்டுப்புற நாடகத்தில் இருந்து நவீன நாடகம் எழும்பலாம் என்று அது காட்டியது. அதே பல்கலைக்கழகத்தில் இருந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக்கும் மன்னாருக்கும் போய்க் கூத்துகளைத் தேடினார். "அலங்கார ரூபன்" கூத்தைப் பதிப்பித்தார். 1962இல் "கர்ணன் போர்" மேடையேறியது. மாணவர்களுக்கு ஆட்டம் பழக்கியவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார். விடிய விடிய நடக்கிற கூத்து ஒன்றரை மணித்தியாலத்துக்குள் வந்தது. பிறகு "நொண்டி நாடகம்", "இராவணேசன்", "வாலிவதை". இராவணேசனில் இராவணனாக ஆடிய மட்டக்களப்பு மாணவன்தான் பின்னாளில் பேராசிரியரான சி. மௌனகுரு. எங்கள் கூத்துகளைப் பற்றி அவர் செய்த ஆய்வுதான் "மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்". நான் மேலே சொன்ன சட்டம் கொடுத்தல், அடுக்குப் பார்த்தல் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதி வைத்த நூல் அது. அவருடைய "சங்காரம்" சாதியையும் இனபேதத்தையும் வர்க்கத்தையும் அரக்கராக்கிக் களரியில் இறக்கியது. சூரனுக்குரிய ஆட்டத்தைச் சாதி அரக்கனுக்குக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்த துணிவு அது.

இந்தச் சாதனையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். கூத்து என்றால் காட்டான் ஆட்டம் என்று நினைத்த நகரத்துச் சனத்தை எழுந்து நின்று கைதட்ட வைத்தது அதுதான். ஆனால் அந்தக் கூத்து வட்டக்களரியை விட்டு ஒருபக்கம் பார்க்கிற மேடைக்குப் போனது. பல்கலைக்கழகத்தில் பழகியது, நகரத்தில் ஆடியது. வேலி ஓரத்துக் கிழவருக்கு அங்கே இடமில்லை.

இந்த இடத்தில்தான் சீலாமுனை என்ற ஊர் வருகிறது. 2000களின் தொடக்கத்தில், யுத்தநிறுத்தம் வந்து கொஞ்சம் மூச்சு விடக்கூடியதாக இருந்த காலத்தில், கிழக்குப் பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்த சி. ஜெயசங்கரும் மூன்றாவது கண் குழுவும் சீலாமுனைக் கூத்தரோடு சேர்ந்து ஒரு வேலையைத் தொடங்கினார்கள். பெயர் கூத்து மீளுருவாக்கம். கூத்தை ஊரில் இருந்து எடுத்துக்கொண்டு போகாமல், ஊரிலேயே, களரியிலேயே, ஊர்ச் சனமே கதையைப் பற்றிக் கதைத்து மாற்றுவது. "சிம்மாசனப் போர்" அப்படி உருவானது. பெண் பாத்திரங்கள் ஏன் இப்படி இருக்கின்றன, சாதியைச் சொல்லுகிற வரிகளை இன்னும் பாடத்தான் வேண்டுமா, போரைக் கொண்டாடுகிற கூத்தைப் போருக்குள் இருக்கிற ஊர் எப்படி ஆடுவது என்ற கேள்விகளை எல்லாம் ஆடுகிறவர்களே போட்டுக்கொண்டார்கள். பேராசிரியர் வந்து திருத்தித் தரவில்லை. மரபைச் செம்மைப்படுத்தி மேடைக்குக் கொண்டுவருவதா, சமூகத்துக்குள்ளேயே வைத்து மாற்றுவதா என்று மட்டக்களப்பில் நடந்த வாதம் பெரிய வாதம். சில இடங்களில் காரமான வாதமும்கூட. என்னைக் கேட்டால், இரண்டு பக்கத்துக்கும் நான் கடன்காரன். மௌனகுரு இல்லாவிட்டால் எனக்குக் கூத்தின் இலக்கணம் தெரிந்திராது. சீலாமுனை இல்லாவிட்டால் அதை ஊரோடு சேர்ந்து மாற்றலாம் என்ற தைரியம் வந்திராது.

இனி எங்கள் கூத்து.

படுவான்கரையில் எந்த ஊருக்குப் போனாலும் கிழமையில் ஒரு நாள் ஒரு வீட்டு முற்றத்தில் பத்துப் பதினைந்து பெண்கள் கூடியிருப்பார்கள். நுண்கடன். ஒருவருக்கு மற்றவர்கள் பிணை. ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட மூன்றாவது. 2018இல் அரசாங்கம் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைப் பெண்களுக்குத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது என்றால், நிலைமை எந்த மட்டத்துக்குப் போயிருந்தது என்று யோசியுங்கள்.

2019 தை மாதம் எங்கள் பிள்ளைகள் சிலர் இதைக் கூத்தாக்க வேண்டும் என்று வந்தார்கள். எனக்கு உடனே ஞாபகம் வந்தது திரௌபதை. இந்தக் கரையில் பழுகாமத்திலும், வாவியின் தெற்கு அந்தத்தில் பாண்டிருப்பிலும் அவள் அம்மன். அவளுக்காகச் சனம் தீ மிதிக்கிறது. சூதாட்டத்தில் தருமர் நாட்டை வைத்தார், தம்பியரை வைத்தார், தன்னை வைத்தார், கடைசியில் அவளை வைத்தார். அடகு, பிணை, வட்டி எல்லாமே அந்த மண்டபத்தில் இருக்கிறது. இரண்டு கிழமையில் எழுதி முடித்தேன். கடன் வசூலிக்க வருகிற கடன்காரன் துரியோதனனின் ஆள். பெரிய மீசை, கரப்புடுப்பு, தலையில் கெருடம், அதட்டிக்கொண்டு வருவான். கடைசியில் கண்ணன் வந்து சீலை கொடுப்பான். அதாவது கடன் தள்ளுபடி. நானே எனக்குக் கைதட்டிக்கொண்டேன்.

திரௌபதையாகவும் தோழியராகவும் பெண் பிள்ளைகளே ஆடுவது என்று முடிவு. உடனே வந்தது பிரச்சினை: "பொம்பிளைப் புள்ளையள் ராவில போய் ஆடுறதா?" பழக்கத்தைப் பின்னேரம் ஐந்து மணிக்கு மாற்றினோம். அப்படியும் தாய்மார் விடவில்லை. காவலுக்குக் கூடவே வந்து பாயைப் போட்டு இருந்தார்கள். காவலுக்கு வந்தவர்கள்தான் எங்கள் கூத்தைத் திருத்தினார்கள். ஏனென்றால் கடன் எடுத்தவர்கள் அவர்கள்.

அண்ணாவியார் தாளம் கேட்ட அன்றைக்கு நடந்தது இதுதான். நான் முழுசிக்கொண்டு நிற்க, பாயில் இருந்த ஒரு அக்கா சொன்னார்:

"அவன் இப்பிடி மீசைய முறுக்கிக்கிட்டு வரமாட்டான்கா. மோட்டச்சைக்கிள்ள வருவான். சிரிச்சிக்கிட்டு வருவான். 'அக்கா சுகமா, மகள் சோதினை எடுத்துட்டாளா' எண்டு கேட்பான். அதுக்குப் பொறகுதான் கொப்பிய எடுப்பான்."

பக்கத்தில் இருந்தவர் சேர்ந்துகொண்டார்: "முதல்க் கிழமை தண்ணி கூடக் குடிக்கமாட்டான், அவ்வளவு மரியாத. நாலாம் கிழம வாசல்ல இருந்து எழும்பமாட்டான்."

தோழியாக ஆடுகிற பிள்ளை ஒன்று, "சேர், கெருடத்துக்குப் பதிலா ஹெல்மெட்!" என்றது. எல்லோரும் சிரித்தோம். அண்ணாவியார் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். பிறகு மத்தளத்தை இழுத்து மடியில் வைத்து மெதுவாக அடிக்கத் தொடங்கினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது தருமர் வரவுக்குரிய தாளம்.

"அண்ண, இது தருமருக்கெல்லோ?"

"ஓம். நல்ல மனிசன் மாதிரித்தானே வாறான்? நல்ல மனிசன்ட தாளத்திலயே வரட்டும். ஒவ்வொரு கிழமையும் வரக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா கதியக் கூட்டுவம். தாளம் அதேதான். சனத்துக்கு விளங்கும்."

விளங்கியது. முதல் வரவில் தருமரைப் போல நிதானமாக வந்தவன், நாலாம் வரவில் அதே தாளத்தில் களரியைச் சுற்றிச் சுழன்றபோது பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் தங்களை அறியாமல் பாயைப் பின்னால் இழுத்தார்கள். நான் ஆறு பக்கத்தில் எழுதிய கொடுமை வர்ணனை அத்தனையையும் அடுத்த நாள் வெட்டினேன். தாளம் சொல்லிவிட்ட பிறகு பாட்டு எதற்கு? கிழமைக் கடனைக் கிழமைக் கூத்தில் வைத்துத் திருத்துவது நடக்கும் என்று நான் திட்டம் போட்டிருக்கவில்லை. அது தானாக அமைந்தது.

2019 ஏப்ரல் 21 நகரத்தில் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஊரடங்கு, சோதனை, பயம். பழக்கம் நின்றது. திரும்பத் தொடங்கி மூச்சு விடமுன்னம் 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு. 2022இல் மறுபடி கூடினோம். அந்த வருச மார்ச் மாதம்தான் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற காலம். மண்ணெண்ணெய்க்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை. நிலவு உள்ள நாட்களில் பழகினோம். முகம் தெரியாது, காலடி மட்டும் கேட்கும். அண்ணாவியாருக்கு அது போதும். ஆர் பிழை விடுகிறார்கள் என்று இருட்டிலேயே பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

இந்த இழுபறியை நான் அப்போது சபித்தேன். இப்போது பார்க்கிறேன், அந்த மூன்று வருசமும் கூத்துக்குள் போயிருக்கிறது. கடைசிக் காட்சி மாறியது 2022இல்தான். கண்ணன் வந்து சீலை கொடுக்கிற இடத்தை ஆடிக் காட்டினோம். காவலுக்கு வந்த தாய்மாரில் ஒருவர் கேட்டார்:

"திரௌபதைக்குக் கண்ணன் குடுத்தான், சரி. தள்ளுபடி எண்டு றேடியோவில சொன்னதக் கேட்டு நானும் போனன். எண்ட பேர் லிஸ்ட்டில இல்ல. எனக்கு ஆர் சீல குடுத்த?"

2005இல் ஆச்சி கேட்ட அதே கேள்வி. தண்ணி எங்க மறுகா?

இந்த முறை பிரதியை அங்கீகரிக்க ஒருவரும் இல்லை, அதனால் மாற்றலாம். ஆனால் மாற்றுவது லேசாக இருக்கவில்லை. கண்ணனை எடுத்தால் கூத்தே இல்லை என்று கோயில் பெரியவர் ஒருவர் கோபித்துக்கொண்டார். பிள்ளைகள் கண்ணன் வேண்டாம் என்றார்கள். இரண்டு கிழமை சண்டை. கடைசியில் வந்த ஏற்பாடு இது: திரௌபதை சபையைப் பார்த்துக் கேள்வி கேட்கிறாள். தோழியர் ஒவ்வொருவராக வந்து தங்கள் சீலைத் தலைப்பைக் கழற்றி அவள் சீலையோடு முடிகிறார்கள். துச்சாதனன் இழுக்க இழுக்க வெவ்வேறு நிறத்தில் சீலை வந்துகொண்டே இருக்கிறது. அவன் களைத்து விழுந்த பிறகுதான், எல்லாம் முடிந்த பிறகுதான், நல்ல வரவுத் தாளத்தோடு கண்ணன் வருகிறார். வந்து பார்த்தால் அவருக்குச் செய்ய ஒன்றும் இல்லை. "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறார். ஒரு தோழி சீலையின் அந்தத்தைக் கையில் கொடுத்து, "இதக் கொஞ்சம் பிடியுங்க சாமி, முடிச்சு அவிழுது" என்கிறாள்.

அடுக்குப் பார்த்த அன்று அந்த இடத்தில் முதலில் சிரித்தவர் கோபித்துக்கொண்ட அதே பெரியவர்தான்.

2023 வைகாசியில் அரங்கேற்றினோம். விடிய விடிய இல்லை, நாலு மணித்தியாலம். கோயில் முன்றலில் மண் போட்டு உயர்த்திய வட்டக்களரி, சுற்றிச் சனம். வாழி பாடி முடித்தபோது இரவு ஒரு மணி.

கென்யாவில் எழுத்தாளர் நுகுகி வா தியாங்கோ இப்படி ஒரு வேலை செய்திருக்கிறார் என்று பிறகுதான் முழுசாக வாசித்தேன். 1977இல் கமிரீத்து என்ற ஊரில் தன் தாய்மொழியான கிக்கூயுவில் ஒரு நாடகம். ஊர்ச் சனமே கட்டிய திறந்தவெளி அரங்கு. ஒத்திகை எல்லோர் முன்னிலையிலும். தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள் சம்பளக் காட்சியைத் திருத்தினார்கள், முதியவர்கள் பாட்டைத் திருத்தினார்கள். சில கிழமைகளிலேயே அரசாங்கம் தடை செய்தது. வருசக் கடைசியில் நுகுகியைப் பிடித்து உள்ளே போட்டது. 1982இல் அந்த அரங்கையே இடித்தார்கள். அவர் அதற்கு முன்னம் ஆங்கிலத்தில் நாவல்கள் எழுதியிருந்தார், அதற்காகப் பிடிக்கவில்லை. ஊர் சேர்ந்து திருத்திய நாடகத்துக்குத்தான் பிடித்தார்கள். அதை யோசித்துப் பாருங்கள்.

எங்கள் கூத்து அவ்வளவு பெரிய காரியம் இல்லை. ஒருவரும் எங்களைப் பிடிக்கவில்லை. கடன் அதிகாரி ஒருவர் பார்க்க வந்தார், ஹெல்மெட் இடத்தில் அவரும் சிரித்தார், திங்கட்கிழமை வழமைபோல வசூலுக்கு வந்தார். கூத்து ஆடி ஒருவருடைய கடனும் தீரவில்லை. ஆனால் அந்த முற்றத்துக் கூட்டத்தில் இப்போது பெண்கள் புதுக் கடன் எடுக்கமுன்னம் வட்டியைக் கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்கிறார்களாம். தாளம் கூடுது என்று ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிச் சிரிக்கிறார்களாம். அது எங்கள் கூத்தால்தான் என்று நான் அறிக்கை எழுதமாட்டேன்.

புதுக் கூத்தோ நாடகமோ செய்ய நினைக்கிற தம்பி தங்கையருக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். கொப்பியை ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள், மற்றப் பக்கம் ஊருக்கு. அதுவும் பென்சிலால். அண்ணாவியாரை எழுத்து முடிந்த பிறகு கூப்பிடாதீர்கள். எழுதத் தொடங்கமுன்னமே கூட்டி வாருங்கள், இல்லாவிட்டால் என்னைப் போல முழுசிக்கொண்டு நிற்பீர்கள். மண்டபத்துக்குள் பழகாதீர்கள், வளவில் பழகுங்கள். எதைப் பற்றி நாடகமோ அதை அனுபவித்தவர் வந்து இருக்கப் பாய் போட்டு வையுங்கள், தேத்தண்ணி ஊற்றிக் கொடுங்கள். கேள்வி கேட்டால் நாடகத்தை நிறுத்திக் கேளுங்கள். மூன்று கிழமையில் முடித்து அறிக்கை தரச் சொல்லுகிற காசை, முடிந்தால், வேண்டாம் என்று சொல்லுங்கள். வேண்டாம் என்று சொல்ல முடியாத நிலைமை எனக்கும் இருந்தது, அதனால் "முடிந்தால்" என்கிறேன்.

நான் எழுதிய 28 பக்கத்தில் இப்போது களரியில் மிஞ்சியிருப்பது 11. மிச்சத்தை ஆர் எழுதினது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எங்கள் அண்ணாவியாருக்கு இப்போது கை நடுக்கம். தருமர் தாளத்தைக் கடன்காரனுக்குப் போடலாம் என்று யோசிக்கிற அறிவு எந்தப் பட்டப்படிப்பிலும் இல்லை, ஐம்பது வருசம் மத்தளத்தோடு இருந்த கையில் இருக்கிறது. உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார். சும்மா பொன்னாடை போர்த்திவிட்டு வராதீர்கள். புதுக் கதை ஒன்றைக் கொண்டுபோய் அவருக்கு முன்னால் வைத்து, "இதுக்கு என்ன தாளம்?" என்று கேளுங்கள். இந்த வருசமே கேளுங்கள்.